வார்டில் இருபது வருடம் – கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

போன மாதம் பாடகி பெஸ்ஸி ஸ்மித் பற்றி நீங்கள் எழுதிய சின்னக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் பாட்டுகளைக் கேட்க ஆரம்பித்தேன். எனக்கு நைட் ஷிஃப்ட் வேலை. இரண்டு மணிக்கு மேல் அழைப்புகள் குறைந்துவிடும். ஹெட்ஃபோனில் ‘டவுன் ஹார்ட்டட் ப்ளூஸ்’ ஓடிக்கொண்டிருக்கும். ஆங்கிலம் பாதி புரியவில்லை. ஆனாலும் உள்ளே என்னவோ செய்கிறது.

பிறகு இந்தப் பாடகிகளைப் பற்றித் தேடிப் படித்தேன். மனசு கனத்துவிட்டது. பெஸ்ஸி ஸ்மித் விபத்தில் அடிபட்டு, வெள்ளையர் மருத்துவமனை வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு, ரத்தம் போய் இறந்திருக்கிறார். மா ரெய்னி ஊருக்குத் திரும்பி யாருக்கும் தெரியாமல் செத்துப்போனார். ‘டவுன் ஹார்ட்டட் ப்ளூஸ்’ பாடலை எழுதிய ஆல்பர்ட்டா ஹன்ட்டரோ பாட்டை விட்டுவிட்டு இருபது வருடம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாராம். ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு பாடிய ஒரு மேதையை இந்த உலகம் பெட்பான் கழுவ வைத்திருக்கிறது. எவ்வளவு பெரிய வீணடிப்பு!

மூன்று கேள்விகள். பெண் கலைஞர்களின் வாழ்க்கை ஏன் எப்போதும் இப்படியே முடிகிறது? ப்ளூஸை நம் ஒப்பாரியோடு ஒப்பிடலாமா? புதிதாகக் கேட்பவன் எங்கிருந்து தொடங்கலாம்?

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தில் பெட்பான் என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, எழுந்து போய்க் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். போன வாரம்தான் என் சித்தியின் முதலாண்டு நினைவு நாள். ஜெபம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம். எதிர் இலையில் இருந்த உறவினர் ஒருவர் சொன்னார்: “என்ன குரலு அது! அப்படியே சுசீலாம்மா. கடைசியில பெட்பான் தூக்கியே காலம் போயிட்டு.” நாலைந்து பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். துக்க வீட்டில் வாய்ச்சண்டை வேண்டாமென்று நான் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன். அன்றைக்கு அவர்களிடம் சொல்லாமல் விழுங்கியதை ஒரு வாரமாக மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்திருக்கிறது.

முதலில் சில பிழைகளைத் தீர்த்துவிடலாம்.

பெஸ்ஸி ஸ்மித்தை எந்த மருத்துவமனையும் திருப்பி அனுப்பவில்லை. 1937 செப்டம்பர் 26 விடியும் முன், மிசிசிப்பியில் 61ஆம் எண் நெடுஞ்சாலையில், கிளார்க்ஸ்டேலுக்குப் பக்கத்தில் அவர் வந்த கார் ஒரு லாரியின் பின்புறத்தில் மோதியது. வலது கை ஏறத்தாழத் துண்டாகிவிட்டது. அந்த வழியாக வந்த ஒரு மருத்துவர் சாலையில் வைத்தே தன்னால் ஆனதைச் செய்தார். ஆம்புலன்ஸ் அவரை நேராகக் கறுப்பர்களுக்கான ஜி.டி. தாமஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. அங்கே இறந்தார். அந்த ஊரில், அந்தக் காலத்தில், ஒரு கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம் என்று எந்த ஓட்டுநருக்கும் தோன்றியிருக்காது. வாசலில் நின்று தடுக்க ஆளே வேண்டாத அளவுக்குப் பிரிவினை அவ்வளவு பழகிப்போயிருந்தது. யோசித்துப் பார்த்தால், நீங்கள் படித்த கதையைவிட இது எனக்கு அதிகமாக வலிக்கிறது. அந்த வதந்தி ஒரு பத்திரிகைக் கட்டுரையில் தொடங்கி, பிறகு நாடகமாகி, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீங்களும் ஒரு கை கொடுக்க வேண்டாம்.

மா ரெய்னி 1935இல் சொந்த ஊரான ஜார்ஜியாவின் கொலம்பஸுக்குத் திரும்பினார். திரும்பி வந்து தியேட்டர்கள் நடத்தினார். தியேட்டர் முதலாளியாக இருந்த ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் செத்துப்போனார் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

ஒப்பாரி பற்றி: வேண்டாம். யாரோ அழுதால் உடனே ஒப்பாரி என்கிறோம். ஒப்பாரி சாவு வீட்டில் செத்தவரை முன்னால் வைத்துக்கொண்டு பாடுவது. இந்தப் பெண்கள் கூடாரங்களிலும் இரவு விடுதிகளிலும் டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்கு முன்னால், பட்டும் நகையும் போட்டுக்கொண்டு பாடியவர்கள். மா ரெய்னி தங்கக் காசுமாலை போட்டு மேடை ஏறுவார். ஒரு வரியைப் பாடுவார்கள், அதே வரியை மறுபடி பாடுவார்கள், மூன்றாவது வரியில் அதற்கு ஒரு பதில் கொடுப்பார்கள். அந்தப் பதிலில் பாதி நேரம் கேலியும் காமமும்தான் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒப்பிடும் அவசரம் எதற்கு?

இனி ஆல்பர்ட்டா ஹன்ட்டர்.

1895இல் மெம்பிஸில் பிறந்தவர். அப்பா ரயிலில் படுக்கைப் பெட்டிப் பணியாள். மகள் குழந்தையாக இருக்கும்போதே வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மா லாரா ஒரு விலைமகளிர் விடுதியில் வேலைக்காரி. பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே ஆல்பர்ட்டா சிகாகோவுக்கு ரயிலேறி ஓடிப்போனார். அங்கே பாடினால் காசு தருவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பிக் கிளம்பிய பெண். போய்ச் சேர்ந்ததும் கிடைத்தது சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கும் வேலை. வாரம் ஆறு டாலர், சாப்பாடு, படுக்க இடம். பகலில் உரித்துவிட்டு இரவில் விடுதி விடுதியாகப் போய்ப் பாட இடம் கேட்டார். விபசாரிகளும் ஜேப்படிக்காரர்களும் வந்துபோகும் ஒரு விடுதியில் முதல் இடம் கிடைத்தது. அங்கிருந்து ஏறி ஏறி, கிங் ஆலிவரின் ஜாஸ் குழு வாசித்த ட்ரீம்லேண்ட் விடுதிக்கு வந்தார். நடுவில் ஒரு விடுதியில் துப்பாக்கிச் சூடு நடந்து, அவருக்குப் பியானோ வாசித்தவர் குண்டு பட்டு இறந்திருக்கிறார். இதற்கிடையில் அம்மாவைச் சிகாகோவுக்கு வரவழைத்துத் தன்னோடு வைத்துக்கொண்டார். அம்மாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி ‘கிரேஸி ப்ளூஸ்’ பதிவு செய்தார். ஒரு டாலர் விலையில் வந்த இசைத்தட்டு. கறுப்பர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அதுவரை கறுப்பர்கள் தட்டு வாங்குவார்கள் என்று எந்தக் கம்பெனியும் நினைத்ததில்லை. விற்பனையைப் பார்த்ததும் கம்பெனிகள் பாடகிகளைத் தேடி அலைந்தன. 1921இல் ஹாரி பேஸ் என்ற கறுப்பினத் தொழிலதிபர் நடத்திய பிளாக் ஸ்வான் இசைத்தட்டுக் கம்பெனிக்கு ஆல்பர்ட்டா பாடினார். அடுத்த வருடம் பாரமவுண்ட் கம்பெனிக்குப் போனார். பாரமவுண்ட் யாருடையது தெரியுமா? விஸ்கான்சினில் ஒரு நாற்காலிக் கம்பெனியுடையது. கிராமஃபோன் வைக்கும் மரப்பெட்டி செய்தார்கள். பெட்டி விற்க வேண்டுமானால் தட்டும் வேண்டும் என்று தட்டு போட ஆரம்பித்தார்கள்.

அன்றைக்கு மைக் கிடையாது. மின்சாரப் பதிவு 1925இல்தான் வந்தது. ஒரு பெரிய தகரக் கூம்பு. அதன் வாய்க்குள் முகத்தைக் கொடுத்துப் பாட வேண்டும். கூம்பின் மறுமுனையில் ஒரு சவ்வு அதிரும். அந்த அதிர்வில் ஊசி நடுங்கி, சுழலும் மெழுகுத் தட்டில் கீறிக்கொண்டே போகும். மூன்று நிமிடம் சொச்சத்துக்குள் பாட்டு முடிந்தாக வேண்டும். முரசை ஓங்கி அடித்தால் ஊசி தாவிவிடும் என்று அதைத் தள்ளி வைப்பார்கள், இல்லையென்றால் வேண்டாம் என்பார்கள். ஒரு கிசுகிசுப்புகூட அதில் பதியாது. கூம்பை நிறைக்கிற குரல் வேண்டும். 1922இல் ஆல்பர்ட்டா அப்படிப் பாடியதுதான் ‘டவுன் ஹார்ட்டட் ப்ளூஸ்’. வரிகள் அவருடையவை. மெட்டு லோவி ஆஸ்டினுடையது. சிகாகோ மேடைகளில் இசைக்குழுவை நடத்திய பெண் அவர். காலுக்குமேல் கால் போட்டு, வாயில் சிகரெட்டோடு, இடது கையால் பியானோ வாசித்துக்கொண்டே வலது கையால் அடுத்த நிகழ்ச்சிக்கான இசையை எழுதிக்கொண்டிருப்பாராம். சிறுமியாக அதைப் பார்த்த மேரி லூ வில்லியம்ஸ், தானே பெரிய பியானோக் கலைஞரான பிறகும் அந்தக் காட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பாட்டில் வரும் பெண் சொல்கிறாள்: உலகத்தை ஒரு குடுவைக்குள் பிடித்து வைத்திருக்கிறேன், அதன் மூடி என் கையில் இருக்கிறது என்று. உங்களுக்கு ஆங்கிலம் பாதி புரியவில்லை என்றீர்களே, அதனால் சொல்கிறேன். கைவிடப்பட்டவள் பாடும் பாட்டுதான். ஆனால் மூடி அவள் கையில்.

1923 பிப்ரவரியில் அதே பாட்டைப் பெஸ்ஸி ஸ்மித் கொலம்பியா கம்பெனிக்குப் பாடினார். அவருடைய முதல் தட்டு. லட்சக்கணக்கில் விற்றது. பாட்டை எழுதிய ஆல்பர்ட்டாவின் கைக்கு வந்த ராயல்டி 368 டாலர். பாரமவுண்டுக்காகப் பதிவுகளைக் கவனித்தவர், உரிமையை அவருக்குத் தெரியாமல் கொலம்பியாவுக்குக் கொடுத்து, வந்த பணம் தனக்கே வரும்படி செய்துகொண்டார். பெஸ்ஸிக்கு மட்டும் என்ன கிடைத்தது? விற்பனையில் பங்கே கிடையாது. ஒரு பாட்டுக்கு 125 டாலர் என்று ஆரம்பித்தார்கள், அதிலும் பாதியை நடுவிலிருந்தவர் எடுத்துக்கொண்டார்.

தம்பி, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். திருட்டு எங்கே நடந்தது? ஸ்டுடியோவில் நடந்தது. நீங்கள் பெருமையாக நினைக்கிற அந்த 1920களில் நடந்தது. அந்த இடத்தை உங்கள் கடிதம் தொடவே இல்லை. ஆஸ்பத்திரி அவருக்கு என்ன கெடுதல் செய்தது? செய்த வேலைக்குச் சம்பளம் கொடுத்தது. நீங்கள் அழுவதோ ஆஸ்பத்திரியைப் பார்த்து.

அதன் பிறகும் அவர் நிறையப் பாடினார். ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் இருக்கும்போது இன்னொரு கம்பெனிக்குத் தன் சகோதரி பெயரில் பாடினார். நீங்கள் சொல்லும் ஆம்ஸ்ட்ராங் பதிவு அப்படி 1924இல் ஜோசஃபின் பீட்டி என்ற பெயரில் வந்ததுதான். 1928இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் ‘ஷோ போட்’ நாடகத்தில் பாடகர் பால் ராப்சனோடு நடித்தார். பாரிஸ், லண்டன், டோர்செஸ்டர் ஹோட்டலில் நடன இசைக்குழுவோடு பாட்டு. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்காகக் குழு கூட்டிக்கொண்டு போனார், கொரியப் போரிலும் போனார். காசை எண்ணிச் செலவழிக்கிற பெண்மணி, சேர்த்தும் வைத்திருந்தார். கையேந்தும் நிலையில் அவர் ஒருநாளும் இல்லை.

1950களில் அம்மா இறந்தார். இந்த மகளுக்கு மேடை ஆசையே போய்விட்டது. அறுபதை ஒட்டிய வயது. நர்சிங் படிப்பில் சேர வேண்டும் என்று முடிவு செய்தார். அந்த வயதில் சேர்க்க மாட்டார்கள். பன்னிரண்டு வயதைக் குறைத்துச் சொன்னார். பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழ் கிடையாது, ஒன்றை உண்டாக்கிக்கொண்டார். படித்து, தேறி, நியூயார்க்கில் ஈஸ்ட் ஆற்று நடுவில் இருக்கும் தீவில், கோல்ட்வாட்டர் மெமோரியல் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். நாள்பட்ட நோயாளிகளுக்கான இடம் அது. பல ஆண்டுகள் படுக்கையிலேயே கிடப்பவர்கள், போலியோவில் கை கால் போனவர்கள். அங்கே இருபது வருடம். தான் யார் என்பதைக் கூட வேலை பார்த்தவர்களிடம் அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

இதை நீங்கள் படித்த மாதிரி மறுபடி படித்துப் பாருங்கள். ‘உலகம் பெட்பான் கழுவ வைத்தது.’ எந்த உலகம்? வயதைப் பொய்யாகச் சொல்லி, சான்றிதழைப் பொய்யாக உண்டாக்கி உள்ளே நுழைந்தவர் அவர். பிறர் தள்ளிவிட்டால் யாராவது இவ்வளவு பொய் சொல்லி அந்தப் பள்ளத்தில் விழுவார்களா? அவர் விரும்பிச் செய்த ஒரு காரியத்தை அவருக்கு நடந்த அநியாயமாக நீங்கள் மாற்றி எழுதுகிறீர்கள். அன்பினால்தான் எழுதுகிறீர்கள், தெரிகிறது. அந்த அன்பில் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அதே தப்பை நான் செய்திருக்கிறேன்.

என் சித்தி 1970களில் எங்கள் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடினார். கல்யாண வீடு, கோயில் கொடை, கிறிஸ்துமஸ் விழா. விடிய விடியக் கச்சேரி. ஆண் பாடகருக்குக் கவரில் 75 ரூபாய், சித்திக்கு 40. அதுவும் நாலு கச்சேரிக்கு ஒரு தடவைதான் கவர் வரும். கேட்டால், “ஒனக்கு மேடை குடுத்தது யாரு?” என்பாராம் குழுவை நடத்தியவர். மூன்று வருடம் பாடிவிட்டு நர்சிங் படிக்கப் போனார். பிறகு 31 வருடம் அரசு ஆஸ்பத்திரிகளில். சர்ச்சில்கூடப் பாடகர் குழுவில் நிற்காமல் பின் பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாகப் பாடுவார்.

எனக்கு இருபத்து நாலு வயதிருக்கும்போது அவரை வைத்து ஒரு கதை எழுதினேன். சிறுபத்திரிகை ஒன்றில் வந்தது. நைட் டூட்டி. மழை. மேடையை இழந்த ஒரு நர்ஸ் வார்டில் நடந்துகொண்டே தன்னை அறியாமல் பாடுகிறாள். நோயாளிகள் ஒவ்வொருவராக விழித்துக் கண்ணீர் விடுகிறார்கள். அவளும் அழுகிறாள். நிறையப் பேர் பாராட்டினார்கள். பெருமையாகப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய்ச் சித்தியிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தார். மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: “நான் வார்டுல பாடுனதே இல்லையே மக்ளே. வலியில கெடந்து இப்பதான் கண்ணசந்திருப்பாங்க. அவங்கள யாராவது பாடி எழுப்புவாங்களா?”

பிறகு இன்னொன்றும் கேட்டார். “இவ ஏன் அழுதா?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் அழ வேண்டும் என்று எனக்குத்தான் தேவைப்பட்டிருந்தது. அந்தக் கதையை எந்தத் தொகுப்பிலும் நான் சேர்க்கவில்லை.

பல வருடம் கழித்து அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. சித்தி லீவு போட்டுவிட்டு வந்து பதினோரு நாள் எங்கள் வீட்டில் தங்கினார். முதல் நாள் நான் அப்பாவின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தேன். “விடு, தோளு எறங்கிரும்” என்று என்னை விலக்கினார். அப்பாவின் தூரத்துக் கையை நெஞ்சின் மேல் மடித்து வைத்தார். தூரத்து முழங்காலை மடக்கி நிறுத்தினார். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். தன் பக்கமாக மெதுவாக இழுத்தார். எழுபத்தைந்து கிலோ ஆள், புத்தகத்தின் தாளைப் புரட்டுவது போலப் புரண்டுவிட்டார். முதுகுக்குப் பின்னால் அழுக்கு விரிப்பைச் சுருட்டித் தள்ளி, புதியதைப் பாதி சுருட்டி அதன் பக்கத்தில் வைத்து, அந்த மேட்டின் மேல் மறுபக்கம் புரட்டி, பழையதை உருவி, புதியதை இழுத்து விரித்தார். அப்பாவைக் கட்டிலிலிருந்து இறக்காமலே விரிப்பு மாறிவிட்டது. ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது என்று உள்ளங்கையால் நீவினார். சுருக்கம் இருந்த இடத்தில்தான் புண் வரும்.

பிறகு என் கையைப் பிடித்து அப்பாவின் முதுகடியில் வைத்தார். “செகப்பா இருக்கான்னு பாக்கச் சொல்லித்தான் புஸ்தகத்துல போட்டிருக்கும். நம்ம தோலுல செகப்பு எங்க தெரியும்? பொறங்கைய வச்சுப் பாரு. சுத்திலும் உள்ள எடத்தவிட சூடா இருந்துன்னா புண்ணு கௌம்புதுன்னு அர்த்தம்.” குதிகால், இடுப்பெலும்பு, முழங்கை என்று ஒவ்வொரு இடமாக வைத்துக் காட்டினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இரவு பன்னிரண்டு, இரண்டு, நாலு. அலாரம் வைக்கவே மாட்டார், தானாக எழுவார். நாலு மாதம் கிடந்த என் அப்பாவுக்கு ஒரு படுக்கைப்புண் வரவில்லை. சித்தி போன பிறகு நான் செய்தேன், அவர் சொல்லிக்கொடுத்தபடி.

அந்தப் பதினோரு நாளும் சித்தியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதை எழுதிய வயதில் அந்தக் கையை நான் பார்க்கவே இல்லை. சித்தி என்றால் எங்கள் எல்லாருக்கும் தொண்டை மட்டும்தான். அந்தத் தொண்டை எங்களுக்குக் கிடைக்காமல் போய்விட்டதே என்ற ஆற்றாமையைச் சித்தியின் சோகம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ‘வீணடிப்பு’ என்று எழுதியிருக்கிறீர்களே, யாருக்கு வீணானது? உங்களுக்கு இருபது வருடப் பாட்டு கிடைக்கவில்லை. அது உங்கள் நஷ்டம், என் நஷ்டமும்தான். அதற்காக வருத்தப்பட நமக்கு உரிமை உண்டு. கோல்ட்வாட்டரில் அசையக்கூட முடியாமல் கிடந்தவர்களில் ஒருவரை எழுப்பிக் கேட்க முடிந்தால், அந்தக் கறுப்புத் தோலிலும் வெள்ளைத் தோலிலும் புறங்கையை வைத்துப் பார்த்த நர்ஸ் தன் காலத்தை வீணாக்கினாள் என்று சொல்வாரா? அந்த மருத்துவமனை 2013இல் மூடப்பட்டுவிட்டது. இடித்துவிட்டு அங்கே கார்னெல் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப வளாகம் கட்டியிருக்கிறார்கள். ஆல்பர்ட்டாவின் தட்டுகள் இருக்கின்றன, வார்டு வேலைக்குத் தட்டு கிடையாது. தட்டில் இல்லாததெல்லாம் நடக்காதது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

நீங்கள் ஒன்று கேட்கலாம். அந்த ராயல்டி ஒழுங்காக வந்திருந்தால், 1950களிலும் கறுப்பினப் பாடகிகளுக்கு நல்ல மேடைகள் இருந்திருந்தால், அப்போதும் அவர் நர்ஸாகியிருப்பாரா? நியாயமான கேள்வி. ஒருவேளை ஆகியிருக்க மாட்டார். சித்திக்கும் 75 ரூபாய் கவர் ஒழுங்காக வந்திருந்தால் இன்னும் சில வருடம் பாடியிருப்பார். அந்தக் கணக்கு தீர்க்கப்படாத கணக்குதான். அதைத் திருடியவர்கள் பெயரில் எழுதுங்கள். நர்ஸ் உடுப்பின் மேல் எழுதாதீர்கள்.

1977இல் எழுபது வயதாகிவிட்டது என்று மருத்துவமனை ஆல்பர்ட்டாவை ஓய்வில் அனுப்பியது. அவர் விரும்பிப் போகவில்லை. உண்மையில் அப்போது அவருக்கு 82 வயது. அந்த வருடமே நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் ‘குக்கரி’ என்ற விடுதியில் பாட ஆரம்பித்தார். நடத்தியவர் பார்னி ஜோசஃப்சன், 1938இல் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரும் கஃபே சொசைட்டியைத் திறந்தவர். சில வாரங்களுக்கு என்று பேசியது ஆறு வருடம் நீண்டது. காதில் பெரிய தொங்கட்டான், கண்ணில் குறும்பு. வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கார்ட்டர் முன்னால் பாடினார். 1980இல் ‘ஆம்ட்ராக் ப்ளூஸ்’ தட்டு வந்தது. 1984 அக்டோபரில் இறந்தார். இந்தக் கடைசி ஏழு வருடத்தைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள், ஆகவே நான் இதோடு விடுகிறேன். நடு இருபது வருடம் ஒரு இருட்டுக் குகை, அதிலிருந்து அவர் வெளிச்சத்துக்கு மீண்டார் என்கிற மாதிரி எழுதுவார்கள். படிக்கும்போது கவனமாக இருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது பெஸ்ஸியின் குரல். ஆல்பர்ட்டாவின் 1922 பதிவைத் தேடிக் கேளுங்கள். இரைச்சலாக இருக்கும், ஹெட்ஃபோனில் முதலில் மழை பெய்கிற சத்தம்தான் வரும். மூன்று தடவை கேளுங்கள், காது பழகிவிடும். குரல் கூம்பைத் தேடிப் போய் முட்டுவது தெரியும்.

பிறகு 1961 பதிவைக் கேளுங்கள். ஆல்பர்ட்டா அப்போது கோல்ட்வாட்டரில் நர்ஸ். அவருக்கு 66 வயது. சிகாகோவில் ஒரு பதிவுக்கு அழைத்தார்கள். பியானோவில் யார் என்று நினைக்கிறீர்கள்? லோவி ஆஸ்டின். எழுபதைத் தாண்டியவர், ஒரு நடனப் பள்ளியில் பிள்ளைகள் ஆடுவதற்குப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். பாட்டை எழுதிய இரண்டு பேரும் முப்பத்தொன்பது வருடம் கழித்து அதே பாட்டைச் சேர்ந்து பதிவு செய்தார்கள். இந்தத் தடவை நல்ல மைக். குரல் தடித்து, கீழே இறங்கியிருக்கிறது. எங்கும் முட்டிக்கொள்ளவில்லை. ஒரு வரியைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு முன்னால் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று கவனியுங்கள்.

பதிவு முடிந்ததும் ஆல்பர்ட்டா நியூயார்க் திரும்பி டூட்டிக்குப் போனார்.

அன்புடன்